உப்புக்காற்றில் மூன்று எம்ப்கள்

பின்பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, டோர்ச்சை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு சாச்சா நிமிர்ந்தார்.

“மனே, இது நம்மட பழைய பிலிப்ஸ் ரேடியோவுல கிடந்த வால்வுதானே? இதுக்கா இவ்வளவு காசு?”

கல்முனை பசாரில் அவருக்கு ஒரு சின்னக் கடை. வாப்பாவின் சிநேகிதர் என்பதால் எனக்குச் சாச்சா; ஊருக்கு ரேடியோ பாஸ். எழுபதைத் தாண்டிவிட்டார். இப்போது கடைக்கு வருவதெல்லாம் ஃபேனும் ரைஸ் குக்கரும்தான். வாலிபத்தில் அவர் கை வைத்த வால்வு ரேடியோக்களுக்குக் கணக்கில்லை. அன்று அவருடைய மேசையில் மூன்று கிட்டார் எம்ப்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, மற்ற இரண்டும் இரவல். அவர் கேட்ட கேள்விக்கு அந்த இடத்தில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு சீசன் முழுக்க அதையே யோசித்தேன். அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை நான் உல்லையில் கிட்டார் வாசிக்கிறேன். அறுகம்பே என்று உலகம் சொல்லும் இடத்துக்கு எங்கள் வாயில் உல்லைதான் பெயர். கல்முனையிலிருந்து காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று ஏறக்குறைய 70 கிலோமீற்றர். அலைச்சறுக்க வருகிறவர்களில் சிலர் மாதக்கணக்கில் தங்குவார்கள். போன சீசனில் அப்படித் தங்கிய இரண்டு பேர் கையால் கட்டிய வால்வு எம்ப் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் அமெரிக்கர், மற்றவர் இங்கிலாந்துக்காரர். இந்தக் கரையில் அப்படி இரண்டு ஒரே நேரத்தில் அகப்படுவது பெரிய நஸீப். விடுவேனா?

அமெரிக்கருடையது, ஃபெண்டர் கம்பனி 1950களின் பிற்பகுதியில் செய்த டுவீட் டீலக்ஸின் வழியில் ஒரு சிறு பட்டறையில் கட்டப்பட்டது. இரண்டு 6வி6 வால்வு, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. இங்கிலாந்துக்காரருடையது வொக்ஸ் ஏசி15இன் வழி: இரண்டு ஈஎல்84 வால்வு, செலஸ்டியன் புளூ ஸ்பீக்கர். மூன்றாவது என்னுடைய தொழிற்சாலை எம்ப். கொழும்பில் பழையதாக வாங்கியது. அதிலும் இரண்டு ஈஎல்84 வால்வுகள்தான், 15 வாட்.

சாச்சா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஈஎல்84, பிலிப்ஸ் கம்பனி 1950களில் ரேடியோக்களுக்கும் ரேடியோகிராம்களுக்கும் கொண்டுவந்த வால்வு. வீட்டு மண்டபத்தில் பாட்டுக் கேட்கச் செய்த அந்தப் பொருளை இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டிக் டென்னி என்பவர் கிட்டார் எம்ப்புக்குள் வைத்தார். இரண்டு வைத்தது ஏசி15, நான்கு வைத்தது ஏசி30. ஷடோஸும் பீட்டில்ஸும் வாசித்தது அவற்றில்தான். 6வி6இன் கதையும் அதேதான். 1930களில் அமெரிக்க ரேடியோக்களுக்கு வந்த வால்வு அது. அதை எடுத்துக் கிட்டாருக்குப் போட்ட லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இதைச் சொன்னபோது சாச்சா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப அவரும் ரேடியோ பாஸ்தான்” என்றார்.

அவரும் ரேடியோ பாஸ்தான். அந்த எம்ப்களின் உள்ளமைப்பைப் பார்த்தால் அது தெரியும். ஒரு மட்டைப் பலகை, அதில் வரிசையாகக் கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், இடையில் கையால் இழுத்த வயர். ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் சூடு காட்டிக் கழற்றலாம். திருத்திப் பழகியவர் திருத்துகிறவரை மனதில் வைத்துக் கட்டியது அது.

பூட்டிக் எம்ப் என்ற பெயர் பிறகு வந்தது. பெரிய கம்பனிகள் அச்சிட்ட சர்க்கிட் போர்டுக்கும் டிரான்சிஸ்டருக்கும் மாறிய காலத்தில், பழைய சத்தத்தைத் தேடியவர்கள் தனித்தனிப் பட்டறைகளில் உட்கார்ந்தார்கள். ரண்டல் சிமித் ஃபெண்டரின் சின்ன எம்ப்களைத் திறந்து பலமாக்கி மீசா பூகி ஆக்கினார். அலெக்ஸாண்டர் டம்பிள் ஒவ்வொரு வாசிப்பாளரின் கையையும் கேட்டு அவருக்கென்றே கட்டினார். 2022இல் அவர் இறந்த பிறகும் அவருடைய எம்ப் ஒன்று ஒரு இலட்சம் டொலருக்கு மேல் போகிறது. ஸ்டீவி ரே வோனின் முதல் இசைத்தட்டில் கேட்பது ஜக்சன் பிரவுனின் ஸ்டூடியோவில் இருந்த டம்பிள் எம்ப். அம்பெக் கம்பனியில் வேலை செய்த கென் ஃபிஷர் டிரெயின்ரெக் என்ற பெயரில் கட்டிய எம்ப்களுக்கு நம்பர் போடவில்லை, பெண்களின் பெயர்களை வைத்தார். 1989இல் தொடங்கிய மட்ச்லெஸ் கம்பனி வொக்ஸின் வழியை எடுத்துக்கொண்டது. விக்டோரியா கம்பனி ஃபெண்டரின் டுவீட் வழியை எடுத்துக்கொண்டது. புதிதாக வாங்கினால் இவற்றில் பெரும்பாலானவை 2,000 டொலருக்கு மேல். மட்ச்லெஸ்ஸின் டிசி30 அதன் இரண்டு மடங்கையும் தாண்டும்.

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயைச் சுற்றி நின்றது. மே மாதம் 360. நாலு இலட்சமாக இருந்த எம்ப் இரண்டே மாதத்தில் ஏழு இலட்சமானது, தீர்வை சேர்க்காமலே. இந்த ஊரில் அந்தக் காசுக்கு என்னென்ன செய்யலாம் என்று எனக்கும் தெரியும், உம்மாவுக்கும் தெரியும். அதனால் சத்தம் அழகாயிருக்கிறது என்ற பேச்சோடு என்னால் நிறுத்த முடியாது. எவ்வளவு அழகு, அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாக வேண்டும்.

ஒரு மாலை, கடலிலிருந்து இரண்டு காணி தள்ளி இருக்கும் ஒரு விடுதியின் சீமெந்துத் திண்ணையில் மூன்றையும் வைத்தேன். கிட்டார் ஒன்றே, இந்தோனேசியாவில் செய்த டெலிகாஸ்டர். வயரும் ஒன்றே. இடையில் பெடல் எதுவும் இல்லை. கச்சான் காற்று விழுந்து போய் ஊர் ஓய்ந்திருந்தது.

டுவீட் வழி எம்ப்பில் முதல் ஸ்வரத்தைத் தட்டியதுமே கை நின்றுவிட்டது. வொலியூம் மூன்றுக்கு மேல் போனால் சத்தம் உடையத் தொடங்குகிறது. விரலை மெதுவாக வைத்தால் துப்புரவு, அழுத்தினால் கரகரப்பு. பக்கீர்ஷா பாவாக்கள் பைத்துப் பாடும்போது உச்சத்தில் குரல் இலேசாகக் கம்மிப் பிளக்குமே, அந்தப் பிளவு. பலமாக அடித்தால் ஸ்வரம் ஒரு கணம் உள்ளே அமுங்கிப் பிறகு வீங்கி வருகிறது. இதற்குக் காரணம் ரெக்டிபயர். டயோடுக்குப் பதிலாக இதில் 5வை3 என்ற வால்வு கரண்டை நேராக்குகிறது. திடீரென்று நிறையக் கேட்டால் அதனால் உடனே கொடுக்க முடியாது; வோல்டேஜ் சற்று இறங்கி மறுபடி ஏறும். காதுக்கு அது மூச்சு வாங்குவது போலக் கேட்கிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. இரண்டு வொலியூம் குமிழ்கள். நாம் பாவிக்காத குமிழைத் திருப்பினாலும் பாவிக்கிறதின் டோன் மாறும். கணக்குப் பிழை மாதிரித் தெரியும் இந்தப் பின்னலுக்குள் இருபது வகைச் சத்தம் கிடக்கிறது. நீல் யங் தன்னுடைய 1959ஆம் ஆண்டு டீலக்ஸின் குமிழ்களைக் காலால் கட்டளையிட்டுத் திருப்ப ஒரு யந்திரமே செய்வித்து வைத்திருக்கிறார். ஒரு மாலை வாசித்த பிறகு ஏனென்று விளங்கிற்று.

அதன் குறை அடிக்கட்டை. வொலியூமைக் கூட்டக் கூட்டத் தாழ்ந்த கம்பிகள் சேறாகின்றன. ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டார் என்றால் இன்னும் மோசம். றபானோடும் கீபோர்டோடும் சேர்ந்து வாசிக்கிற இடத்தில் அது தொலைந்து போகும்.

இங்கிலாந்துக்காரரின் எம்ப் வேறு சாதி. மேல்கம்பிகளில் வெண்கல மணியைச் சுண்டிவிட்ட மாதிரி ஒரு ஒலி, அதன் பின்னால் நீளமான மினுக்கம். ஆறு கம்பியையும் சேர்த்து அடித்தாலும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே கேட்கிறது. பைலாவுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பொப் பாட்டுகளை அந்த எம்ப்பில் வாசித்தேன். தாளத்துக்கு வெட்டி வெட்டி அடிக்கும் கிட்டார் அவ்வளவு கூர்மையாக எழும்பியதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெடியன் வெளியே வந்து நின்றுவிட்டான்.

என்னுடைய எம்ப் இவற்றுக்குப் பக்கத்தில் ஒரு போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. அதே வால்வு, அதே 15 வாட், கிட்டத்தட்ட அதே சர்க்கிட். இங்கேதான் ஒரு யோசனை வந்தது. இரண்டு எம்ப்களின் ஸ்பீக்கரும் 16 ஓம். இரண்டையும் அணைத்து, என்னுடைய எம்ப்பை இங்கிலாந்துக்காரரின் புளூ ஸ்பீக்கரில் பொருத்தினேன். அவருடையதை என்னுடைய கிரீன்பேக் ஸ்பீக்கரில் பொருத்தினேன். (ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு எம்ப்பை ஒருபோதும் முடுக்கவேண்டாம். அவுட்புட் டிரான்ஸ்போமர் எரிந்துவிடும்.)

போர்வையில் முக்கால்வாசி கழன்றது. என் பழைய எம்ப்பிலிருந்து அந்த மணியொலி வந்தது. அவருடைய கைக்கட்டு எம்ப் என் ஸ்பீக்கரில் சற்றே மங்கிப்போனது. வித்தியாசம் முழுக்க மறையவில்லை. பலமாக வாசிக்கும்போது அவருடையதில் ஒரு அகலம் மிச்சமிருந்தது. நல்ல அவுட்புட் டிரான்ஸ்போமரின் வேலை அது என்பது என் கணிப்பு. ஆனாலும் ஆயிரக்கணக்கான டொலர் வித்தியாசம் என்று நான் நினைத்திருந்ததில் பெரும்பங்கு ஒரு ஸ்பீக்கரின் விலைக்குள் அடங்கிக் கிடந்தது.

இதற்குக் கணக்கும் உண்டு. 15 வாட்டை 30 வாட் ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று படுவதற்கு வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் உணர்திறன் மாறும். செலஸ்டியன் கிரீன்பேக் 98 டெசிபெல், புளூ 100 டெசிபெல். இரண்டு டெசிபெல் என்றால் எம்ப்பின் வாட்டை ஒன்றரை மடங்குக்கு மேலாக்கியதற்குச் சமன். டோனின் மாற்றம் இதற்கு மேல் வரும் இலாபம். புதிய எம்ப்புக்குக் காசு சேர்க்கும் தம்பிமாருக்கு நான் சொல்வது: முதலில் ஸ்பீக்கரை மாற்றுங்கள். அதன்பிறகும் மனம் ஆறாவிட்டால் மற்றதை யோசிக்கலாம்.

வால்வு என்றாலே இரட்டைப்படை ஹார்மோனிக், அதனால்தான் இனிமை என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படிச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. இந்த மூன்று எம்ப்களிலும் கடைசி இரண்டு வால்வுகள் தள்ளு, இழு என்று மாறி மாறி வேலை செய்கின்றன. அந்த அமைப்பில் அந்த வால்வுகளுக்குள் பிறக்கும் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். இனிமை பல இடங்களிலிருந்து வருகிறது: வால்வு எல்லையை மெதுவாகத் தொடுவது, ரெக்டிபயரின் மூச்சு, டிரான்ஸ்போமர், ஸ்பீக்கர் காகிதம், பைன் பலகைப் பெட்டி. அது முழுவதையும் வால்வின் கண்ணாடிக்குள் தேடிப் பிரயோசனமில்லை.

அப்படியானால் கைக்கட்டு எம்ப்புக்கு ஏன் காசு? அதற்கான பதில் ஒரு விபத்தில் கிடைத்தது.

அமெரிக்காவின் கரண்ட் 120 வோல்ட், நம்முடையது 230. அந்த டுவீட் எம்ப் எப்போதும் ஒரு வோல்டேஜ் குறைக்கும் டிரான்ஸ்போமர் வழியாகத்தான் இயங்கும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவசரத்தில் சாமான் அடுக்க வந்த ஒருவர் பிளக்கை நேரே சுவரில் குத்திவிட்டார். ஒரு நீல வெளிச்சம், ஒரு சத்தம், பிறகு கருகிய வாசம். சொந்தக்காரரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த நாள் காலை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு கல்முனைக்குப் போனேன்.

சாச்சா முதலில் செய்தது கெப்பாசிட்டர்களின் சேமிப்பை ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்கியது. அணைத்துப் பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும். அது உயிரெடுக்கக்கூடியது. மீட்டரை வைக்கும்போது அவருடைய இடக்கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். நெஞ்சின் குறுக்கே கரண்ட் பாயாமலிருக்க அந்தக் காலத்து ரேடியோக்காரர்கள் பழகிய பழக்கம். பியூஸ் எரிந்து மற்றதைக் காப்பாற்றியிருந்தது. ரெக்டிபயர் வால்வு செத்துவிட்டது. ஒரு ரெசிஸ்டர் கருகியிருந்தது. பிஸ்கட் தகரம் ஒன்றைத் திறந்து, பழந்துணியில் சுற்றிய 5வை3 ஒன்றை எடுத்தார். முப்பது வருசமாக அங்கே கிடந்ததாம். லுஹருக்கு முன்னால் எம்ப் பாடியது.

அன்று என்னுடைய எம்ப்பும் அவருடைய மேசையில்தான் இருந்தது. சீசன் நடுவில் அடிக்கடி சத்தம் நின்று நின்று வந்துகொண்டிருந்தது. அதைத் திறந்தவர் உதட்டைப் பிதுக்கினார். வால்வுச் சொக்கட்டுகள் நேரே சர்க்கிட் போர்டில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தன. வால்வு சூடாகும், ஆறும், மறுபடி சூடாகும். நாளடைவில் ஈயத்தில் மயிர்க்கோடு விழும். அதைப் பார்க்கவே போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். அதற்குக் குமிழ் அத்தனையையும் கழற்ற வேண்டும். “அத அரை மணித்தியாலத்துல செய்ய ஏலும். இதுக்கு ரெண்டு நாள் வேணும் மனே. அடுத்த முறை போர்டு உரிஞ்சிட்டா ஏலா.”

சர்க்கிட் போர்டு என்றாலே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சொல்டானோவின் எஸ்எல்ஓ100 போர்டில் கட்டியதுதான், உலகமே மதிக்கிற எம்ப். தடித்த போர்டு, நல்ல ஈயம் என்றால் அது காலாகாலம் நிற்கும். ஆனால் எங்கள் கரையில் எம்ப்புக்கு இருக்கும் எதிரிகளை நினைத்துப் பாருங்கள். உப்புக்காற்று ஒரே சீசனில் ஜக்கிலும் குமிழிலும் கறள் பிடிக்க வைக்கும். மாலையில் எல்லா விடுதியும் ஏசி போட்டால் கரண்ட் இறங்கும். எடி வான் ஹேலன் வேண்டுமென்றே ஒரு வேரியாக் வைத்து வோல்டேஜைக் குறைத்துத்தான் தன்னுடைய அந்தக் கனத்த சத்தத்தை எடுத்தார். உல்லையில் அது சும்மாவே கிடைக்கிறது. சத்தம் நன்றாகவும் இருக்கிறது. ஆனால் 6வி6, ஈஎல்84 வால்வுகளின் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும். நெடுகக் குறைவாகக் கொடுத்தால் அவற்றின் ஆயுள் குறையும். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன நாட்களில் ஜெனரேட்டரில் வாசித்தோம், அது இன்னும் கொடுமை. அமெரிக்க எம்ப்புக்கு இன்னொரு சிக்கல்: வோல்டேஜைக் குறைத்தாலும் நம்முடைய கரண்ட் 50 ஹேர்ட்ஸ்தான். 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய டிரான்ஸ்போமர் இங்கே கூடுதலாகச் சுடும். வாங்குமுன் 50 எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றை மன்றாட்டமாகவே கேட்கிறேன். பழைய கட்டடங்களில் பிளக்குக்கு எர்த் இருக்காது. வெறுங்காலோடு ஈர மணலில் நின்று, கையில் கிட்டார், உதட்டில் மைக் என்றால் அது விளையாட்டில்லை. எர்த் இல்லாத இடத்தில் வாசிக்க வேண்டாம், எவ்வளவு காசு தந்தாலும்.

ஆகவே சாச்சாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த வால்வுக்கு அவ்வளவு காசு இல்லை. அந்தக் காசு, முப்பது வருசம் கழித்து, பட்டறையின் பெயரையே கேள்விப்படாத ஒருவர் கல்முனையில் உட்கார்ந்து திருத்த முடிவதற்கு. அந்த அளவு திறந்து கிடக்கும் எம்ப் என்றால் ஏழு இலட்சமும் நியாயம்தான், கையில் இருக்கிறவருக்கு. இல்லாதவருக்கும் வழி உண்டு. டுவீட் டீலக்ஸின் சர்க்கிட் ஒளிவுமறைவில்லாதது. பாகங்களைப் பொதியாக விற்கிறார்கள். பட்டறை விலையைவிட எவ்வளவோ குறைவு. ஈயம் வைக்கத் தெரிந்த, வால்வின் வோல்டேஜுக்குப் பயப்படத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் கட்டிவிடலாம். வால்வு இன்றைக்கும் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே தொழிற்சாலையிலிருந்தும், ரஷ்யாவிலிருந்தும், சீனாவிலிருந்தும் வருகிறது. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்திய செய்தி வந்ததும் உலகமெங்கும் அலமாரிகள் காலியானது நினைவிருக்கும். ஒரு சோடி கூடுதலாக வாங்கி வையுங்கள், சாச்சாவின் பிஸ்கட் தகரம் போல.

எம்ப்பைப் போலப் பாவனை செய்யும் டிஜிட்டல் பெடல்களைப் பற்றிக் கேட்பீர்கள். விடுதியில் ஒலிபெருக்கியோடு வாசிக்க அவை தாராளமாகப் போதும், சுமையும் இல்லை. ஆனால் போர்டு செத்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும். அந்த ஒன்றில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அமெரிக்கர் ஒக்டோபரில் ஊருக்குப் போகும்போது எம்ப்பை எனக்கே விற்றுவிட்டார். சொன்ன விலை மூன்று தவணையில். உப்பு தின்று அதன் முன்துணி இற்றுப்போயிருந்தது. அசல் துணி அமெரிக்காவிலிருந்துதான் எடுக்க வேண்டும். நான் அதன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மருதமுனைக்கு, தறி வைத்திருக்கும் ஒரு ராத்தாவிடம் போனேன். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “என்னத்துக்கு இது?” என்று கேட்டார். சத்தம் இதற்குள்ளால் வெளியே வரவேண்டும் என்றேன். வாயருகே கொண்டுபோய் ஊதிப் பார்த்தார். பிறகு தறியிலிருந்த சாரன் துணியை ஊதினார், தலையாட்டினார். “இது நெருக்கம். மூச்சு போகல்ல. பாவு நூலக் கொறச்சி, ஐதா நெஞ்சி தாறன் தம்பி.”

இரண்டு நிறம் காட்டினார், மெரூனும் கடுநீலமும். மெரூன் சொல்லியிருக்கிறேன். அடுத்த வியாழன் வரச் சொன்னார்.